படம் பார்க்க ஒரு வழி

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் பின்னேரம் இளசுகள் குனிந்திருந்தால் களப்பில் இறாலைத் தேடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டெலிகிராமில் புதுப்பட லிங்க் வந்திருக்கிறது.

திருட்டுத் தளத்தின் உபசாரமே தனி. பெயர் கேட்காது, வயது கேட்காது, காசும் கேட்காது. ஒரு படத்துக்கு ஐந்து ‘டவுன்லோட்’ பொத்தான். நாலு, சூதாட்டக் கடைக்கு வழிகாட்டும். ஐந்தாவதில் படம் இறங்கும். பெயரின் கடைசியில் மட்டும் எம்பி4 இருக்காது, ஏபிகே இருக்கும். அது படமில்லை, செயலி. எஸ்எம்எஸ், கொன்டாக்ட் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். படம் பார்க்கும் அவசரத்தில் யார் வாசிப்பது?

நேர்மையான தளத்துக்குப் போனாலோ, “கார்ட் இலக்கம்?” என்பதுதான் முதல் கேள்வி. கடலுக்குப் போகிற வாப்பாவிடம் வள்ளம் இருக்கிறது, வலை இருக்கிறது. கிரெடிட் கார்ட் எங்கே இருக்கிறது?

இலங்கையில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2003இல் புலமைச் சொத்துச் சட்டம், 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். பிள்ளை நல்ல வழியில் படம் பார்க்க வழி சொல்லத்தான் ஆளில்லை.

தயாரிப்பாளர்களே யூடியூபில் இலவசமாக விட்ட பழைய படங்கள் கிடக்கின்றன. முதலில் அங்கே தேடுங்கள். ஏபிகே என்று முடிகிற ‘படத்தை’ அழித்துவிடுங்கள். அந்தச் செயலி திருடியதை வைத்து இணையத்தில் யாராவது பிள்ளையை மிரட்டினால், அதன் ஃபோனைப் பறிக்காமல் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.