கருவிப் பித்தர்

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை முதல் கலிஃபோர்னியா வரை, மென்பொருள் நிறுவனங்கள் உள்ள இடமெங்கும் காணப்படும் மனித வகைகளுள், வேலையைத் தொடங்குவதற்கான ஆயத்தங்களையே முழுநேர வேலையாகக் கொண்டு அதற்குக் குறைவின்றிச் சம்பளமும் பெற்றுவரும் ஒரு வகையினரைக் கருவிப் பித்தர் எனலாம். இவரைச் சோம்பேறி என்று கருதுவது பிழை. அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன் வந்து, எல்லோருக்கும் பின் வீடு திரும்புபவர் இவரே. பந்தியில் இலை போட்டாகிவிட்ட பிறகும் அரிவாள்மனைக்குச் சாணை பிடித்துக்கொண்டிருக்கும் சமையற்காரரை உழைக்காதவர் என்று யாராலும் சொல்லிவிட முடியாது.

பித்தரின் வழிபாட்டில் முதலிடம் எடிட்டருக்கு, அதாவது நிரலை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளுக்கு உரியது. பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் 1976-இல் எழுதிய வி-ஐ என்னும் எடிட்டரின் வழியில், பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட விம் என்பதே இவருடைய தேர்வு. இதில் கர்சரை, அதாவது எழுதும் இடத்தைத் திரையில் காட்டும் குறியை, நகர்த்துவதற்கு எச், ஜே, கே, எல் என்னும் எழுத்து விசைகளை அழுத்த வேண்டும். ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்னும் கணினி டெர்மினலில் தனி அம்புக்குறி விசைகள் இல்லாமல், அந்த நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். அன்று குறையாக இருந்த இந்த ஏற்பாட்டை இன்று அனுபவிப்பதற்காக, அம்புக்குறி விசைகளே இல்லாத மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றைச் சாதாரணக் கீபோர்டைப் போலப் பல மடங்கு விலை கொடுத்துப் பித்தர் வாங்கியிருக்கிறார். விசைக்கு விசை கை நகராததால் மிச்சமாகும் அரை நொடிகளைக் கூட்டினால் ஆண்டுக்கு எத்தனை நாள் தேறும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் விளக்கும்போது ஒரு பிற்பகல் கழிந்துவிடுகிறது.

எடிட்டரின் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பை, பெயரின் தொடக்கத்தில் புள்ளி இருப்பதால், டாட்ஃபைல் என்பர். பித்தரின் டாட்ஃபைல், நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் காரணக் குறிப்புடன் பதிவுசெய்துவைக்கும் கிட் என்னும் கருவியில் பாதுகாக்கப்படுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைப் பேணுவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய அக்கருவியில், ‘கமெண்டுகளின் சாம்பல் நிறத்தைக் கண்ணுக்கு இதமாகச் சற்றே மங்கலாக்கியது, பகலில் மட்டும்’ என்றும், ‘மேற்கண்ட மாற்றத்தைத் திரும்பப் பெற்றது’ என்றும் இவர் எழுதும் குறிப்புகள் கல்வெட்டு ஆய்வாளரையும் நாணவைக்கும். நிறுவனத்தின் நிரலில் இவர் செய்த மாற்றங்களுக்கோ, அவை அரிதாகவே நிகழ்ந்தாலும், ‘சரிசெய்தது’ என்ற ஒரே குறிப்புதான். புதிய கருவிகளிடமும் இவருக்கு இதே பித்துதான். வலைச் செயலிகளை எழுத உதவும் நிரல் தொகுப்புகளுள் ஜேக்வெரி 2006-இலும் ரியாக்ட் 2013-இலும் வந்தன. பின்னர் வந்தவை பல. எது வந்தாலும், செய்யவேண்டிய பணிகளைப் பட்டியலிடும் செயலி ஒன்றை அதில் எழுதிப் பழகுவது இவர் வழக்கம். அப்பட்டியல்கள் எதிலும் ஒரு பணிகூட முடிந்ததாகக் குறிக்கப்பட்டதில்லை.

குறைகூறுவோரிடம் பித்தர் எடுத்துக்காட்டும் பெரியவர் கணினி அறிஞர் டொனால்ட் குனூத். தம் நூலின் இரண்டாம் தொகுதிக்கான புதிய பதிப்பின் அச்சுப்படி 1977-இல் மனத்துக்கு ஒவ்வாமற்போகவே, எழுத்தை ஒத்திவைத்துவிட்டு டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுத அமர்ந்த அவருக்கு, விரைவில் முடியும் என்று எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது. அவர் டெக்கை முடித்தும் கொடுத்தார் என்ற பகுதி மட்டும் பித்தரின் எடுத்துரைப்பில் ஏனோ விடுபட்டுவிடும்.

தரவுத்தளம் என்று வரும்போது இவர் நோக்கு வேறாகிறது. வாடிக்கையாளர் ஆர்டர்களைக் காட்டும் பக்கம் திறக்க எட்டு நொடி ஆகிறது என்று ஒரு புகார் வந்தால், தரவை அட்டவணைகளாக வைக்கும் முறையே 1970-இல் எட்கர் காட் முன்வைத்த பழங்கதை என்றும், வேறு வகைத் தரவுத்தளத்துக்கு முழுமையாக மாறுவதே தீர்வு என்றும் வண்ணப் பெட்டிகளும் அம்புகளும் நிறைந்த வரைபடத்துடன் நிறுவுவார். எடிட்டரில் பெருமையாக இருக்கும் முதுமை தரவுத்தளத்தில் குற்றமாவது எப்படி என்று கேட்க அங்கே எவருக்கும் துணிவிருப்பதில்லை. இதற்குள், எடிட்டரின் நிறத்தைக்கூட மாற்றியிராத மூத்த பெண் ஊழியர் ஒருவர், கேள்விக்கு விடை தேடத் தரவுத்தளம் எவ்வழியில் செல்லும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையை இட்டு, முழு அட்டவணையும் ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து கடைசி வரை படிக்கப்படுவதைக் கண்டு, வாடிக்கையாளர் எண்ணுக்கு ஓர் இண்டெக்ஸை, அதாவது எந்த மதிப்பு எந்த வரியில் உள்ளது என்று முன்கூட்டியே வரிசைப்படுத்திவைக்கும் அமைப்பை, ஒரே வரியில் உருவாக்கிவிடுகிறார். பக்கம் கண்ணிமைப்பதற்குள் திறக்கிறது. “இண்டெக்ஸே போடலப்பா” என்று சொல்லிவிட்டு அவர் காபிக்கு எழுந்து போகிறார்.

பித்தர் இதில் தோல்வி எதையும் காண்பதில்லை. அவர் கண்ணில் பட்டதெல்லாம் எக்ஸ்பிளெயின் தந்த விடை வெறும் கறுப்பு வெள்ளையில் இருந்தமையே. அன்றிரவே, முழு வாசிப்பைச் சிவப்பிலும் இண்டெக்ஸ் வழியைப் பச்சையிலும் காட்டும் பிளகின், அதாவது எடிட்டரோடு ஒட்டவைக்கும் துணை நிரல், தொடங்கப்பட்டுவிடுகிறது. மறுநாள் காலை, அவரவர் செய்த வேலையை நின்றபடியே சொல்லும் ஸ்டாண்டப் கூட்டத்தில் மேனேஜர் விசாரிக்கும்போது, “டேட்டாபேஸ் பெர்ஃபார்மன்ஸ் சார், இன்னும் ரெண்டு வாரம் ஆகும்” என்கிறார் பித்தர்.