அரை நொடி ஆராய்ச்சியாளர்

ஹோம்ஸ்டார் ரன்னர் என்ற இணையக் கார்ட்டூனின் ரசிகர்களில் ஒரு ரகம் உண்டு. படம் ஓடும்போது சிரிக்க மாட்டார், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். அமெரிக்காவின் அட்லாண்டாவில் மைக், மாட் சாப்மன் என்ற அண்ணன் தம்பி 2000 முதல் ஃபிளாஷ் மென்பொருளில் செய்து வெளியிட்ட தொடர் அது. முகமூடியும் குத்துச்சண்டைக் கையுறையுமாகத் திரியும் ஸ்ட்ராங் பேட், தனக்கு வரும் மின்னஞ்சல்களுக்கு அந்தக் கையுறையோடேயே தட்டச்சு செய்து பதில் போடுவதுதான் அதில் ஏகப் பிரபலம். மற்றவர்கள் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நம்மவர் போக மாட்டார். எட்டாவது விநாடியில் இடது பக்கம் விழுந்த நிழல் ஒன்பதாவதில் வலது பக்கம் விழுந்துவிட்டால் போதும், இதை ரசிகர்கள் தொகுக்கும் தவறுகள் பட்டியலில் ஏற்றலாமா என்று பஞ்சாயத்தைக் கூட்டிவிடுவார். அங்கே அவருக்காகவே காத்திருப்பவர், வரும் குறிப்புகளை வெட்டித் தள்ளும் வெட்டுக்காரர். எதைக் காட்டினாலும் "அதனால் என்ன?" என்ற ஒரே கத்தரியை எடுப்பார். படம் மூன்று நிமிடம், வழக்கு மூன்று நாள்.

வெட்டுக்காரர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. தொடரின் நாயகன் ஹோம்ஸ்டாருக்குக் கையே தெரியாது, ஆனாலும் சாமான்களைப் பிடித்துக்கொள்கிறான் என்று குறித்துவைப்பது, பொழுது கிழக்கே விடிந்தது என்று பஞ்சாங்கத்தில் அடிக்குறிப்புப் போடுகிற மாதிரி. ஆனால் "இதுதான் எல்லாருக்கும் தெரியுமே" என்ற தீர்ப்புக்கு ஆயுசு கம்மி. ஸ்ட்ராங் பேடின் கணினிகளையே எடுத்துக்கொள்ளலாம். முதலில் டேண்டி 400, பிறகு காம்பி 386, அப்புறம் லாப்பி 486. மின்னஞ்சல் பகுதி 2001-ல் தொடங்கியபோது இதற்கு யாரும் உரை எழுதத் தேவையில்லை. 386, 486 என்பவை இன்டெல் 1985-லும் 1989-லும் கொண்டுவந்த சில்லுகளின் எண்கள். ஊரே பென்டியத்துக்குப் போன பிறகும் இந்தப் பயல் காயலான் கடைச் சரக்கை வைத்துக்கொண்டு மிடுக்குக் காட்டுகிறான் என்பதுதான் வேடிக்கை. இன்றைக்குப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது வெறும் எண். பதில் முடிந்ததும் மேலேயிருந்து இறங்கும் டாட் மேட்ரிக்ஸ் காகிதமும் அப்படித்தான். அந்த அச்சுப்பொறியின் கீச்சொலியைக் கேட்டு வளராதவருக்கு அது ஏதோ ஒரு தாள்.

அப்படியானால் நிழலையும் ஏற்றிவிட வேண்டியதுதானா என்று வெட்டுக்காரர் மடக்குவார். வேண்டாம். காலம் போனால் விளங்காமல் போகும் சிரிப்பு வேறு, எந்தக் காலத்திலும் சிரிப்பே இல்லாத சங்கதி வேறு. குறிப்பைப் படித்தபின் சிரிப்பு ஒரு பிடி கூடுகிறதா என்று பார்த்தால் போதும். தொடரின் பெயரே சாட்சி. அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் மார்க் லெம்கியைப் பற்றிய மளிகைக்கடை விளம்பரம் ஒன்றை நண்பர் ஒருவர் நடித்துக் காட்டப்போய், வாய் குழறி வந்து விழுந்த சொல் அது. இதுவரை சாதாரணத் தகவல். லெம்கி தன் பெரிய லீக் வாழ்க்கை முழுவதும் அடித்த ஹோம் ரன் 32தான் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், பெயர் இன்னொரு தடவை குழறுகிறது.

நிழல்காரரை இப்படி ஆக்கியதில் சாப்மன் சகோதரர்களுக்கும் பங்கு உண்டு. படம் முடிந்த பிறகும் திரையில் ஏதோ ஒரு சொல்லைச் சொடுக்கினால் தனிக் காட்சி திறக்கும்படி ஒளித்துவைத்தவர்கள் அவர்கள். எங்கே தொட்டாலும் புதையல் என்று பழக்கிவிட்டு, இவர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார் என்று குறை சொல்ல முடியாது. அதோடு, ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ல் நிறுத்திவிட்டது. ரஃபில் போன்ற மென்பொருள்கள் பழைய படங்களை இன்னமும் ஓட்டுகின்றன என்றாலும், காணொளியாகப் பார்ப்பவர் எதையும் சொடுக்க முடியாது. எந்தச் சொல்லில் கதவு இருந்தது என்று எழுதிவைத்தவர் இந்த அரை நொடி ஆசாமிதான். வெட்டுக்காரருக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் தள்ளிய குறிப்புகளைக் கிழித்துப் போடுவதில்லை. யார் கொடுத்தது, ஏன் தள்ளியது, எத்தனை பேர் எதிர்த்தது என்று எழுதித் தனிக் கோப்பில் வைக்கிறார். ஒன்பதாவது விநாடி நிழல் அங்கே பத்திரமாக இருக்கிறது.