சித்திரகுப்தனுக்கு ஒரு மெமரி கார்டு

கணக்கெழுதுகிறவருக்கென்று தனிக்கோயில் வைத்திருக்கிற ஊர் எங்களுடையது. காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தர் ஒரு கையில் எழுத்தாணியும் மறு கையில் ஏடுமாக உட்கார்ந்திருக்கிறார். சித்ரா பௌர்ணமிக்குத் தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம் நிற்கும், அவரவர் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி கேட்க. மேலிடத்துப் பதிவாளரே குடியிருக்கிற ஊரில், காரின் முன்கண்ணாடியில் இன்னொரு பதிவாளரை ஒட்டவைக்கும் எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்று வீட்டில் இன்னமும் விசாரணை நடக்கிறது.

எனக்குக் காரணம் தெளிவு. நான் வண்டி ஓட்டும் விதத்தில் ஒரு குறையும் கிடையாது, மற்றவர்கள்தான் சரியில்லை. காந்தி ரோட்டில் பட்டுக்கடை வாசலில் வெளியூர் வேன் வந்து நிற்கும். கல்யாணப் புடவை எடுக்க வந்த சுற்றத்தார் அத்தனை பேரும் நடுரோட்டில் இறங்கி, எந்தக் கடைக்குப் போவது என்று அங்கேயே பொதுக்குழு கூட்டுவார்கள். பொன்னேரிக்கரை தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால், எதிர்த்திசையில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, தப்பு என்னுடையது போல முறைத்தபடி ஒரு டிராக்டர் வரும். எல்லா இடத்திலும் நியாயம் என் பக்கம். சாட்சிதான் இல்லை.

கொம்பு சீவிவிட்டது என் மனைவியின் அண்ணன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. எதையும் உலக அளவில் பேசுவார். "2013 பிப்ரவரி 15, ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க்ன்னு ஒரு ஊரு. வானத்துல விண்கல் வெடிச்சுது மாப்ளே. உலகம் பூரா அதைப் பார்த்ததே அங்க கார்ல ஓடிக்கிட்டிருந்த டேஷ் கேம் தயவுலதான்" என்றார். உண்மைதான். விபத்து வழக்குக்கும் இன்ஷூரன்ஸ் தகராறுக்கும் பயந்து அந்த ஊர்க்காரர்கள் ஒட்டிவைத்த கேமராக்கள், விஞ்ஞானிகளுக்கு விண்கல்லின் பாதையைக் கணக்கிடவும் உதவின. "நாளைக்கு நம்ம தலை மேல ஒண்ணு விழுந்தா ப்ரூஃப் வேணாமா?" என்று அவர் கேட்டபோது எனக்கும் வேணும் என்றுதான் பட்டது. விழுந்த பிறகு ப்ரூஃபை யார் எடுத்துக்கொண்டு அலைவது என்று அப்போது தோன்றவில்லை.

தேர்வு தொடங்கியது. என் மனைவி புடவை எடுக்கப் போனால் கடையில் ஒரு சுவர் காலியாகும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். இப்போது ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் டேஷ் கேம் ஒப்பீட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாயிரத்தில் தொடங்கி இருபதாயிரத்தைத் தாண்டியும் போகிறது. எல்லாவற்றிலும் 4கே என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பாதியில் அந்த 4கே நிஜமில்லையாம்; சென்சார் எடுப்பது அதைவிடக் குறைவு, மென்பொருள் அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இந்த வித்தை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அசல் ஜரிகையென்றால் உள்ளே சிவப்புப் பட்டிழை, அதன்மேல் சுற்றிய வெள்ளி, அதற்குமேல் தங்க முலாம். சுரண்டிப் பார்த்தால் சிவப்புத் தெரிய வேண்டும். பிள்ளையார்பாளையத்துச் சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்த பரிசோதனை இது. 4கேவை எங்கே சுரண்டுவது?

"வெயில் தாங்குமான்னு கேளுங்க" என்றாள் மனைவி, புடவை விசாரிக்கிற தொனியில். அவ்வளவு வீடியோ பார்த்தும் நான் கவனிக்காத கேள்வி அது. விசாரித்தால் அதுதான் முக்கியமே. சில கேமராக்களில் உள்ளே லித்தியம் பேட்டரி. சித்திரை வெயிலில் சாத்தி நிறுத்திய காருக்குள் அது உப்பி, சீக்கிரம் ஆயுளை முடித்துக்கொள்ளும். சூப்பர் கபாசிட்டர் என்றொன்று வைத்த கேமராக்கள் சூட்டை நன்றாகத் தாங்கும். மெமரி கார்டிலும் சாதாரண கார்டு கூடாது. மேலே மேலே எழுதுவதைத் தாங்குகிற 'ஹை எண்ட்யூரன்ஸ்' வகை வேண்டும். இதையெல்லாம் நானே கண்டுபிடித்ததாக மைத்துனரிடம் சொன்னேன்.

இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. எங்கள் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாய் தொழிற்சாலை. 2023 ஜூலையில் வந்த எக்ஸ்டர் காரின் உயர்ந்த வகைகளில் டேஷ் கேமைக் கம்பெனியே பொருத்தி அனுப்புகிறது, ரோட்டையும் உள்ளே இருப்பவரையும் சேர்த்துப் பார்க்கிற இரட்டைக் கேமரா. என் கார் அதற்கெல்லாம் மூத்தது. வண்டியை மாற்றிவிட்டால் கேமராச் செலவு மிச்சம் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு ரசம் வரவில்லை.

முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக இரண்டு கேமரா வந்து சேர்ந்தன. "வாரண்டி எவ்ளோ?" என்றாள். ஒரு வருஷம் என்றேன். "அத்திவரதர் 2019-ல வந்தாரு, அடுத்தது 2059. அதை எடுக்கவாச்சும் உதவும்னு நெனச்சேன்" என்றுவிட்டு உள்ளே போனாள்.

கார் சாமான் கடைப் பையன் சட்டென்று காரின் ஒயரை அறுத்து முறுக்கப் பார்த்தான். வீடியோ பார்த்த ஞானத்தில் நான் சீறி விழுந்தேன். ஃப்யூஸ் பெட்டியில் இரண்டு இடத்திலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். எப்போதும் வருகிற ஒன்று, சாவி திருப்பினால் மட்டும் வருகிற ஒன்று. அதற்கென்று ஃப்யூஸ் டேப் விற்கிறார்கள், ஒயரை வெட்டவே வேண்டாம். முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதற்குப் பின்னால் போக வேண்டுமே தவிர முன்னால் குறுக்கே போகக் கூடாது. "உங்க வண்டில அங்க ஏர்பேக் கீதா சார்?" என்று கேட்டான். இத்தனை வருஷம் ஓட்டியும் எனக்குத் தெரியாது. கையேட்டைத் தேடினோம். அது பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் டேஷ்போர்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

சிக்கல் பின் கேமராவில் வந்தது. பின்கதவு மேலே திறக்கிற இடத்தில் விரல் தடிமனுக்கு ஒரு ரப்பர் குழாய். ஒயர் அதற்குள் நுழைந்துதான் கண்ணாடிக்குப் போயாக வேண்டும். பையன் தள்ளினான், நான் இழுத்தேன், பிறகு நான் தள்ளினேன், அவன் இழுத்தான். ஒயர் பாதியில் மடங்கி உட்கார்ந்துகொண்டது. எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுசு பூராவும் தறிக்குழியில் கால் வைத்தவர். கோர்வைப் புடவையில் கரையும் உடலும் வேறு வேறு நிறம்; மூன்று நாடா ஓட வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும், சேருமிடம் தெரியக் கூடாது. தறியில் பழைய பாவு முடிந்தால் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைத்த கை அவருடையது.

"தள்னா போவாது சார், இழுத்தாத்தான் போவும்" என்றபடி வந்தார். வீட்டிலிருந்து மெல்லிய கம்பியையும் பட்டிழையையும் எடுத்து வந்து, கம்பி முனையில் இழையை மாட்டி ரப்பர் குழாய்க்குள் விட்டு மறுபக்கம் வாங்கினார். இழையை நாலாக மடித்து ஒயர் முனையில் ஒரு முடிச்சு. இழுத்தார். ஒயர் பரம சாதுவாக வந்துவிட்டது. கடைப் பையன் அந்த முடிச்சை இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொல்லி போனில் படம் எடுத்துக்கொண்டான். கூலி கேட்டதற்குக் காபி போதும் என்றார். பையன் மட்டும் முழுக்கூலி வாங்கிக்கொண்டு போனான்.

புது சாமான் வந்தால் பூஜை போடாமல் விடுகிற வீடா? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குச் சந்தனம், கேமராவுக்கு மங்களகரமாக, நட்ட நடு லென்ஸில், ஒரு குங்குமப் பொட்டு. முதல் நாள் பதிவு முழுக்க காஞ்சிபுரம் செவ்வாய்க் கிரகம் போல இருந்தது. துடைத்தால் அபசகுனம் என்றாள். அம்மன் கோயிலுக்குப் போய்வந்த பிறகு, கண்ணாடி துடைக்கிற சாக்கில், தெரியாமல் கைபட்டது போலத் துடைத்தேன்.

அதன்பின் பிள்ளையார் வந்தார். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பளபளப்பான பிள்ளையார் வெயில் நேரத்தில் முன்கண்ணாடியில் பிரதிபலித்து, ஒவ்வொரு பதிவிலும் ரோட்டுக்கு மேலே அந்தரத்தில் மிதக்கிறார். இதற்கு சிபிஎல் என்று ஒரு வடிகட்டி உண்டு. லென்ஸ் முன்னால் மாட்டித் திருகினால் பிரதிபலிப்பு மட்டும் குறையும். வாங்கலாமா என்றேன். "பிள்ளையார் தெரியக் கூடாதுன்னு காசு குடுத்துக் கண்ணாடி வாங்கப் போறீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கோணத்தில் அதைத் தயாரித்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

கேமரா தன் கடமையில் கண்ணாயிருந்தது. வண்டி அதிர்ந்தால் அதை விபத்து என்று எடுத்துக்கொண்டு, அந்த நேரத்துப் பதிவை அழிக்க முடியாதபடி பூட்டிவைக்கும். ஜி-சென்சார் என்று பெயர். அதன் கூருணர்வை நான் அதிகத்தில் வைத்திருந்தேன், நமக்கேன் குறைச்சல் என்று. எங்கள் தெருவிலிருந்து பஸ் நிலையம் போவதற்குள் கேமராவின் பார்வையில் நான் பல முறை விபத்தில் சிக்கியிருந்தேன். எல்லாம் பள்ளங்கள். வாரக் கடைசியில் கார்டு பூராவும் பள்ளங்களின் பூட்டிய ஆவணம். மற்ற எதற்கும் இடமில்லை. சாதாரணமாக இது சுற்றுப் பதிவு: கார்டு நிரம்பியதும் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். எங்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவ மன்னர்களின் வரலாற்றை எட்டாம் நூற்றாண்டில் வரிசையாகச் சிற்பமாக வடித்து வைத்தார்கள். அழித்தெழுதும் வசதி இல்லாததால் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

நிறுத்தியிருக்கும்போது காவல் காக்கிற 'பார்க்கிங் மோட்' வேறு. பேட்டரி 12 வோல்ட் சுமாருக்கு இறங்கினால் தானே அணைந்துகொள்ள வரம்பு வைக்கலாம், வைத்தேன். ஆனால் அசைவைக் கண்டால் எழுந்து படம் எடுக்கும் அது. எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். ஆண்களும் பெண்களும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி இருப்பார்கள். என் கேமரா அத்தனையையும் சந்தேகத்துக்கிடமான நடமாட்டமாகப் பதிந்து வைத்தது.

ஆனாலும் நான் தளரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவைப் படித்தேன். பழைய சாட்சியச் சட்டத்து 65பி-யின் வாரிசு. மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுத்தால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் பதிவின் ஹேஷ் எண்கூடக் குறிக்க வேண்டும். படிக்கப் படிக்க கூண்டில் ஏறி நான் ஹேஷ் எண் சொல்லுகிற காட்சி கண்முன் ஓடியது. கோர்ட்டில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

வாய்ப்பும் வந்தது. மூங்கில் மண்டபத்துப் பக்கம் ஒரு சாயங்காலம், இடதுபக்கமாக ஸ்கூட்டர் ஒன்று உரசிக் கதவில் கோடு போட்டது. ஓட்டிவந்த பையன் தப்பு என்மேல்தான் என்றான். நான் காத்திருந்த கணம் அது. நிதானமாக இறங்கி, "கேமரா இருக்கு" என்றேன். கூட்டத்தில் ஒரு மரியாதை பரவியது. என் காரைக் கும்பிடாத குறை. அவரவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு தாங்கள் படத்தில் விழுந்திருக்கிறோமா என்று விசாரித்தார்கள். போனைக் கேமராவின் வைஃபையில் இணைத்தேன். இணைந்தது, அறுந்தது, பாஸ்வேர்டு கேட்டது. டீக்கடைக்காரர் அதற்குள் இரண்டு பேருக்கும் டீ கொடுத்துவிட்டார்.

ஒருவழியாகப் பதிவு ஓடியது. முன்கேமராவில் அமைதியான ரோடு; மேலே பிள்ளையார். பின்கேமராவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டாக ஏதோ ஒரு நம்பர் பிளேட். ஸ்கூட்டர் எங்கும் இல்லை. முன்னும் பின்னும் பார்க்கிற கேமராவுக்குப் பக்கவாட்டில் பார்வை கிடையாது. 'கர்ர்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அதற்கு முன்னால் கொஞ்ச நேரமாகவே வேறொரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டு, வழிவிடாத ஷேர் ஆட்டோக்காரரையும் அவருடைய முன்னோரையும் ஒருவர் வரிசையாக விசாரிக்கிற குரல். இந்தக் கேமராக்கள் வண்டிக்குள் நடக்கிற பேச்சையும் சேர்த்தே பதிகின்றன. நிறுத்தச் சொன்னாலொழிய நிறுத்தா. ஷேர் ஆட்டோக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "நேர்ல சொல்லியிருக்கலாமே சார்" என்றார், ரொம்ப மரியாதையாக.

டீக்கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார்: கோடு சின்னது, பையன் படிக்கிறவன், போய்ட்டு வாங்க சார். மூன்று டீக்கும் காசு நான் கொடுத்தேன்.

வீட்டில் மனைவி அந்தப் பதிவை மட்டுமல்ல, கார்டில் இருந்த எல்லாவற்றையும் டிவியில் போட்டு நிதானமாகக் கேட்டாள். டிராக்டர், புடவை வேன், மாடு, பள்ளம் தோண்டியவர்கள், மூடாதவர்கள் என்று ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. வீட்டில் உப்பு கேட்கவே யோசிக்கிற மனுஷனா இது என்று அவள் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமில்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்றே நினைக்கிறேன்.

"இவ்ளோ பேச வருமா உங்களுக்கு?" என்றாள். "இதுல பாதி எங்க அண்ணன்கிட்ட பேசியிருந்தா, நாலு வருஷமா நிக்கிற அந்தக் கைமாத்து எப்பவோ வந்திருக்கும்."

பேச்சுப் பதிவை நிறுத்தும் பொத்தான் கேமராச் செயலியில் இருக்கிறது; அன்றைக்கே நிறுத்தினேன். மறுநாள் பார்த்தால் ஓடிக்கொண்டிருந்தது. செயலி அவள் போனிலும் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அண்ணனை சென்னையில் கொண்டுபோய் விட்டுவரச் சொல்லியிருக்கிறாள், காரில், நாங்கள் இரண்டு பேர் மட்டும்.