கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள்

கேள்வி: கைக்குழந்தைக்கு என்ன தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதாதா?

பதில்: எல்லாம் தெரியும், பேசத்தான் தெரியாது! அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் சோதித்துப் பார்த்தார். கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்கள் மட்டும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, குரல் கொடுத்தது. அம்மா அசையவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது, சிணுங்கியது. 'ங்கா' என்றால் 'என்னடா செல்லம்?' என்கிறீர்களே, அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மூளையின் இணைப்புகள் வலுப்படுகின்றன. மடியில் பிள்ளை, கண் செல்போனில் என்றால், பிள்ளையைப் பொறுத்தவரை நீங்கள் வெளியூர்! நாள் முழுக்கக் கொஞ்ச வேண்டாம். அது கூப்பிடும்போது அம்மாவோ அப்பாவோ முகம் மலர்ந்து பதில் சொன்னால், அதைவிடப் பெரிய சீர் எதுவும் இல்லை.