டேப் சுற்றும் பெருமான்

அவருடைய பைக்கை முதன்முறை பார்ப்பவர்கள், பெரிய விபத்தில் சிக்கி மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் கறுப்பு இன்சுலேஷன் டேப். டேங்குக்கு அடியில் அந்த டேப்புக்கு மேல் இன்னொரு டேப். சீட்டைக் கழற்றினால் துணிக்கடை கவர் ஒன்று. அதற்குள் ஜிப் வைத்த கவர். அதற்குள் பழைய பனியன் துணி. அதற்குள் ட்யூனிங் மாட்யூல்.

எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யும் ஈசியூவுக்கும், அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஈசியூ போட்ட கணக்கைத் திருத்தி அனுப்புகிற சின்னப் பெட்டி அது. அதன் விலையை அவர் வீட்டில் சொல்லவில்லை. ‘ஹாரன் ரிலே’ என்று சொல்லி வைத்திருக்கிறார்.

சென்னையில் எந்த அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங்கிலும் இவரைப் பார்க்கலாம். வயது நாற்பத்தைந்து இருக்கும். கல்லூரியில் வாங்க ஆசைப்பட்ட வண்டியை இப்போது தவணையில் வாங்கியிருப்பார். புரட்டாசி முடியும்போதே அவருக்கு வேர்க்க ஆரம்பித்துவிடும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று செய்தி வந்தால், வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்; டேப் இருக்கிறதா என்று பார்ப்பார். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு ஜனங்கள் போனார்களே, அதைப் பார்த்து ஊரே சிரித்தபோது இவர் மட்டும் சிரிக்கவில்லை. “பைக்குக்கு இடம் விட்டிருக்காங்களா?” என்றுதான் கேட்டார்.

அவருடைய அப்பாவும் பைக் வைத்திருந்தார். 1950களில் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய அதே புல்லட் வம்சம். மழையில் நின்றுபோனால் பிளக் மூடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, நாலு உதை. வண்டி கிளம்பிவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு கதை மாறிவிட்டது. இப்போதைய பைக்கில் எங்கே தொட்டாலும் ஒரு சென்சார், ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு கனெக்டர். துடைப்பதற்கு வேட்டியும் இல்லை.

ஆகவே அவர் ரிச்சி தெருவுக்குப் போய் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மீட்டர் கணக்கில் வாங்கி வருவார். அதைச் சுருக்க மனைவியின் ஹேர் ட்ரையர். பிறகு டை-எலெக்ட்ரிக் கிரீஸ். இதைத் தடவினால் கரண்ட் நன்றாகப் பாயும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த கிரீஸ் கரண்டைக் கடத்தவே கடத்தாது. ரப்பர் சீலில் மெல்லத் தடவினால் ஈரம் உள்ளே வராது, அவ்வளவுதான் அதன் வேலை. பின்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் கிரீஸ் தானாக விலகிக்கொள்ளும். நம்மவரோ கனெக்டரின் குழி நிரம்ப அப்புவார். கிரீஸை அமுக்கிச் சுருக்க முடியாது; அதனால் கனெக்டர் முழுதாக உள்ளே போய் ‘டக்’ என்று பூட்டாது. பூட்டாததால் மேலே டேப் சுற்றுவார். அந்த டேப் வெயிலில் பிசுபிசுத்து வழியும். வழிவதால் பாத்ரூம் வாஷ்பேசினுக்கு வாங்கி மீந்த சிலிக்கானைப் பூசுவார். வினிகர் வாடை அடிக்கிறதே, அது அசெட்டிக் அமிலம். தாமிரத்தை அரிக்க அதுவே போதும். மழை வருவதற்கு முன்பே வேலை பாதி முடிந்துவிட்டது.

சில ஆக்ஸிஜன் சென்சார்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும்; அதை ஒயர் வழியாகத்தான் இழுத்துக்கொள்ளும். அங்கேயும் கிரீஸ். பாவம், அது மூச்சு முட்டிக் கிடக்கும்.

மழையில் இவர் வண்டி எடுக்க மாட்டார் என்பதைச் சொல்லவே வேண்டாம். மழைக்கோட்டு வண்டியின் மேல் கிடக்கும். இவர் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவார்.

இவ்வளவும் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை என்ன செய்வார் தெரியுமா? வாட்டர் சர்வீஸ். பிரஷர் கன்னோடு நிற்கும் பையனிடம், “அந்த இடுக்குல நல்லா அடிப்பா, சேறு இருக்கு” என்பார். பையன் தயங்கினால், “ஐபி 67 தம்பி” என்று மாட்யூலைக் காட்டுவார், ஏதோ ஐபிஎஸ் அதிகாரியை அறிமுகப்படுத்துகிற மிடுக்கோடு. அந்த 6 என்பது தூசு நுழையாது என்பதற்கு. 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பதற்கு. அடித்துப் பீய்ச்சும் தண்ணீரைப் பற்றி அந்த எண் வாயே திறக்கவில்லை. ஐப்பசி மழை முழுக்க நனைந்தாலும் புகாத இடத்தில் அந்தப் பையன் ஒரு நிமிஷத்தில் தண்ணீரைப் புகுத்திவிடுவான், அதுவும் காசு வாங்கிக்கொண்டு.

மழை பெய்யும்போது வண்டி ஒன்றும் செய்யாது. மழை விட்டு, நல்ல வெயிலில், ஜிஎஸ்டி ரோட்டில் போகும்போது இழுத்து இழுத்து ஓடும். மைலேஜ் பாதியாகும், புகைக்குழாயில் கரி படியும். காரணம் எளிது. வெப்பத்தை அளக்கும் சென்சாரின் பின்னில் பச்சைக் களிம்பு ஏறினால் மின்தடை கூடும். தடை கூடினால் என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று ஈசியூ அர்த்தம் செய்துகொள்ளும். வண்டி நிற்பது பெருங்களத்தூர் வெயிலில். ஈசியூவோ ஊட்டியில் நிற்பதாக நம்பிப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும்.

கடைசியில் மெக்கானிக் பிளேடால் டேப்பை அறுப்பார். துணிக்கடை கவருக்குள்ளிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டும்.

“தண்ணி உள்ள போகாம கட்டியிருக்கேனே!”

“போன தண்ணி வெளிய வராமதான் சார் கட்டியிருக்கீங்க.”

இதற்கு அவரிடம் பதில் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? “அப்போ அடுத்த வருஷம் ரெண்டு கவர்” என்பார். மாட்யூல் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும். வீட்டில் போய், “ஹாரன் ரிலே மாத்தணும்” என்பார். “ஏங்க, அந்த வண்டியில ஹாரனே அடிக்கிறதில்லையே” என்று அந்த அம்மாள் கேட்பார். அம்மாளுக்கு எல்லாம் தெரியும் என்பது என் ஊகம்.

பைக் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்னால் ஒருமுறை சீட்டைக் கழற்றிப் பாருங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். நீங்களாகச் சுற்றிய கவரும் டேப்பும் இருந்தால் பிரித்து எறியுங்கள். மாட்யூலில் ஒயர் நுழையும் வாய் வானத்தைப் பார்த்திருந்தால் தரையைப் பார்க்கத் திருப்புங்கள். ஒயர் உள்ளே நுழைவதற்கு முன் சற்றுத் தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். வழிந்து வரும் தண்ணீர் தொங்கும் இடத்திலேயே சொட்டிவிடும். ரப்பர் சீலுக்கு விரல் நுனி அளவு கிரீஸ். பெரிய செலவில்லாத வேலை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தயவுசெய்து அவரை மட்டும் உதவிக்குக் கூப்பிடாதீர்கள். வந்துவிடுவார், டேப்போடு.