வேர் விட்டவளுக்கு விசா

ஆழ்கடலில் உயிரே கிடையாது என்று சொல்லிவிட்டால் எவ்வளவு வேலை மிச்சம்! 1841-இல் ஈஜியன் கடலில் ‘பீக்கன்’ கப்பலிலிருந்து வலை இழுத்த இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அப்படித்தான் சொன்னார். கீழே போகப்போக உயிர்கள் குறைந்தன. அந்தக் கணக்கை அப்படியே நீட்டினார். 300 பாகம் (ஃபேதம்) ஆழத்தில் பூஜ்ஜியம் வந்தது. 1818-லேயே ஜான் ராஸ் பாஃபின் விரிகுடாவில் அதைவிட ஆழத்திலிருந்து கூடை நட்சத்திரம் என்ற பிராணி ஒன்றைத் தூக்கியிருந்தார். ஆனால் அதே பயணத்தில் இல்லாத மலைத்தொடர் ஒன்றைக் கண்டு, அதற்குக் கடற்படைச் செயலர் குரோக்கரின் பெயரையும் வைத்துவிட்டுத் திரும்பியவர் அவர். அவர் சாட்சி எந்த அம்பலத்தில் ஏறும்?

1864-இல் நார்வே அரசு ஜார்ஜ் ஓசியன் சார்ஸை லொஃபோட்டன் தீவுகளுக்குக் கோட் மீனைப் பற்றி ஆராய அனுப்பியிருந்தது. மீன் பார்க்கப் போனவர் கடல் அல்லி என்ற பிராணியோடு வந்தார். எத்தனை பாகத்தில்? ஏறக்குறைய 300. ஃபோர்ப்ஸின் பூஜ்ஜியத்திலேயே அம்மணி குடியிருந்தாள்.

அப்பா மைக்கேல் சார்ஸ் முன்னாள் பாதிரியார்; ஞானஸ்நானம் கைவந்த கலை. 1868-இல் ‘ரைசோகிரைனஸ் லொஃபோடென்சிஸ்’ என்று பெயரிட்டு, ஊரையும் சேர்த்தே எழுதிவைத்தார். ஆள் என்னவோ மூன்று அங்குலம்தான். தண்டு முழுக்க உடுக்கை உடுக்கையாகக் கோத்த துண்டுகள், அடியில் சேற்றைப் பற்றிய கிளை வேர்கள், மேலே சின்னக் கிண்ணம். கை ஐந்து இருக்க வேண்டும்; நான்கும் இருக்கும், ஏழும் இருக்கும், கேட்பாரில்லை. வாயும் மலத்துளையும் ஒரே மேடையில் அக்கம்பக்கமாக இருக்கும். அது இந்தக் கடல் அல்லிக் குலத்துக்கே உரிய சிக்கனம்.

சுண்ணாம்புப் பாறைக் காலத்தோடு போய்ச் சேர்ந்ததாக நினைத்த வம்சத்தின் வாரிசு என்பதால் ஐரோப்பா துள்ளியது. இயற்கையியலாளர் வைவில் தாம்சன் கிறிஸ்டியானியாவுக்கு (இன்றைய ஓஸ்லோ) போய் இவளைத் தரிசித்தார். அந்த உற்சாகம் கடைசியில் 1872-இல் ‘சாலஞ்சர்’ என்ற ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பலையே கிளப்பியது.

இனிதான் கூத்து. ஃபுளோரிடாவுக்கு அப்பால் அமெரிக்கக் கடலோர அளவைத் துறைக்காகக் கடலடியைத் துழாவிக்கொண்டிருந்த பூர்தலேஸுக்கும் சின்னஞ்சிறு கடல் அல்லி சிக்கியது. முதலில் அதற்கு வேறொரு பெயர் சொன்னார். அப்பா சார்ஸின் புத்தகம் கைக்கு வந்ததும், ‘அட, நம்ம லொஃபோட்டன்காரி!’ என்று தீர்ப்பை மாற்றிவிட்டார். வளர்ந்தபின் வேரை ஊன்றிக்கொண்டு அசையாமல் நிற்கும் பிராணிக்கு அட்லாண்டிக்கைத் தாண்ட இப்படியாக விசா கிடைத்தது. தாம்சனும் தம் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

பூர்தலேஸ் முட்டாள் இல்லை. ஆழ்கடல் எங்கும் ஒரே குளிர், ஒரே இருட்டு. ஆகவே குடியிருப்போரும் எங்கும் ஒருவரே என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. நம்பிக்கை வந்துவிட்டால் லென்ஸ் எதற்கு? மூன்று அங்குலம், ஒல்லித் தண்டு, வேர் என்றால் லொஃபோடென்சிஸ்தான் என்று சீசாவுக்குச் சீட்டு ஒட்டிவிடலாம். ஒருவர் ஒட்டியதை அடுத்தவர் பட்டியலில் சேர்ப்பார். பட்டியலைப் பார்த்து மூன்றாமவர் வரைபடத்தில் புள்ளி வைப்பார். இந்த மூவரில் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், கடல் அல்லிகளுக்குப் பெயர் வைப்பதில் அலுப்பே இல்லாத ஸ்மித்சோனியன் நிறுவனத்து ஆஸ்டின் ஹோபார்ட் கிளார்க் இந்தக் குடும்பத்தைக் கிளறினார். ஃபுளோரிடா, கரீபியன் பக்கத்து ஆட்கள் வேறு இனங்கள்; ‘டெமோகிரைனஸ்’ பேரினத்தில் சேர்ந்தன. லொஃபோட்டன்காரி வட அட்லாண்டிக்கின் தன் குளிருக்கே திரும்பினாள். அவள் எங்கே கிளம்பினாள், திரும்ப?

இந்தக் களேபரத்தில் அடிபட்டவர் பார்படோஸ் ஆளுநர் ராசன் வில்லியம் ராசன். பெயரிலேயே தன்னை இருமுறை சொல்லிக்கொண்ட அவரைக் கௌரவிக்க, தீவருகே கிடைத்த இன்னொன்றுக்கு 1874-இல் ‘ரைசோகிரைனஸ் ராசோனி’ என்று பெயரிட்டிருந்தார் பூர்தலேஸ். அதுவும் டெமோகிரைனஸுக்கு மாற்றலானது. அந்தப் பேரினத்தின் மாதிரி இனம் பார்ஃபே என்ற பிரெஞ்சுக் கப்பல் கேப்டனின் பெயரைத் தாங்கியது. ஆங்கிலேய ஆளுநர் பிரெஞ்சுக்காரர் வீட்டில் ஒண்டுக்குடித்தனம்.