பெரிய கடைக்கு ஒரு பரிசோதனை

1984 டிசம்பரில் முல்லைத்தீவின் கொக்கிளாயை விட்டுத் துரத்தப்பட்டு, யுத்தம் முடிந்தபிறகு திரும்பி வந்த சனம், வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தேத்தண்ணிக்கடை போட்டால் சட்டம் உடனே வந்து நிற்கும். தண்ணீர் சுத்தமா? சாப்பாடு மூடியிருக்கா? லைசன்ஸ் இந்த வருடத்ததா? பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யின் கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். ஏ, பி, சி, டி என்று தரமும் போடுவார்.

நல்ல சட்டம். வயிற்றோட்டம் வந்தவனுக்கு அதன் அருமை தெரியும். அதைத் தேத்தண்ணிக்கடையோடு நிறுத்துவானேன்? நாட்டுக்கே ஆக்கிப்போடும் பெரிய கடை ஒன்று கொழும்பில் இருக்கிறதே, அதையும் பரிசோதிப்போம்.

லைசன்ஸ்: கடைக்கு உரிமம் கொடுக்கும் உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச் 19இல் முடிந்தது. தேர்தல் வைக்கப் பெரிய கடையிடம் காசில்லையாம். தேர்தல் வந்தது 2025 மே 6இல். அதுவரை சனம் தெரிவு செய்த ஒருவரும் இல்லாத சபை, சனத்திடம் லைசன்ஸைப் புதுப்பிக்கச் சொன்னது.

எண்ணெய்: வடைச்சட்டியில் கறுத்த எண்ணெயைக் கண்டால் கானுக்குள் ஊற்றச் சொல்வார்கள். 2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் புற்றுநோய் தரும் அஃப்லாடொக்சின் பிடிபட்டது. அதற்கு மட்டும் வந்த வழியே திரும்பிப் போகக் கப்பல் பயணம். ஏழையின் எண்ணெய்க்குக் கான், முதலாளியின் எண்ணெய்க்குக் கடல்.

தண்ணீர்: 2023 ஜூன் 29, கொக்கிளாய்க்குப் பக்கத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தை வெட்டினார்கள். தண்ணீர் வருமுன் மனித எலும்புகள் வந்தன. 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள். ‘மூடி வை’ என்ற விதியைப் பெரிய கடை எவ்வளவு கவனமாகக் காத்திருக்கிறது!

இந்த எலும்புகளின் வழக்கும் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில்தான். ஊத்தைக் கோப்பைக்காக அங்கே ஏற்றப்படும் கடைக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப்பணம் கட்டி, மத்தியானச் சமையலுக்கு வீடு திரும்பலாம். எலும்பு வழக்கில் ஒப்புக்கொள்ள ஒருவரும் இல்லை. தவணைக்கு மட்டும் பஞ்சமில்லை.

பி.எச்.ஐ. மீது எங்களுக்குக் கோபமில்லை. அவர் தன் வேலையைச் செய்கிறார். பெரிய கடைக்கான தரத்தை நாங்களே போட்டுவிட்டோம்: டி. சீல் வைக்கும் அதிகாரி எந்தக் கந்தோரில் இருக்கிறார் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.